புயலுக்கு மறுநாள் அடுப்பில் வைத்த கிழங்கு

உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் தட்டில் பரப்பி அடுப்புக்குள் தள்ளுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். செய்முறையை மட்டும் சொன்னால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

போன மாதம் எங்கள் பேக்கரியின் தஞ்சாவூர்க் கிளையில் புதிதாக மின்சார அடுப்பு வைத்தார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும் பூஜைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, சூடு எவ்வளவு என்று சிவப்பு எண்களில் காட்டும் ஒரு பெட்டி. சூடம் காட்டி முடித்ததும் அங்கே வேலை செய்யும் பெண்கள் ரொட்டியை விட்டுவிட்டு முதலில் கிழங்குத் தட்டைத்தான் உள்ளே வைத்தார்கள். வெந்து வந்ததும் ஒரு கிண்ணத்தில் போட்டு என் கையில் கொடுத்து முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விறகு அடுப்பில் வந்த ருசி இதில் வராது என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை, நன்றாகவே இருந்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்போது ஒரு பெண், பேக்கரியில் கேக் இருக்கும், பப்ஸ் இருக்கும், இந்தக் கிழங்கு எப்படி வந்தது, எதற்காக இதை முதலில் வைக்கச் சொன்னார்கள் என்று கேட்டாள். நின்ற இடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா பிறர் வயலில் நாற்றுப் பறித்து, வரப்பு அண்டை வெட்டி, அறுப்பு அறுத்து எங்களை வளர்த்தார். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியதும் நான் பட்டுக்கோட்டை ரோட்டில் இருந்த பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தேன். தட்டுக் கழுவினேன், மாவு பிசைந்தேன், பன் உருட்டினேன். அடுப்புக்கு முன்னால் நிற்க எனக்கு இடம் கிடைத்தபோது கல்யாணமாகி மகளும் பிறந்திருந்தாள். பிறகு ஓய்வு பெறும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அந்த அடுப்பைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். செங்கல்லால் கட்டிய குகை அது. ஆள் தவழ்ந்து உள்ளே போகலாம். மேலே வளைவு, கீழே தளம், முன்னால் ஒரு இரும்புக் கதவு. சவுக்கு விறகை உள்ளேயே அடுக்கி எரிப்போம். எரிந்து தணலானதும் நீளமான இரும்புக் கோலால் வெளியே வாரிவிட்டு, ஈரச் சாக்கைக் கழியில் கட்டித் தளத்தைத் துடைத்து, கதவை மூடிவிடுவோம். அதற்குமேல் உள்ளே தீ கிடையாது. செங்கல் வாங்கி வைத்திருக்கும் சூடுதான் வேலை செய்யும். சூடு பதமா என்று பார்க்க ஒரு சிட்டிகை மைதாவைத் தளத்தில் எறிவேன். எறிந்த உடனே கருகினால் இன்னும் பொறுக்கவேண்டும். மெல்லப் பொன்னிறமாகித் திரும்பினால் ரொட்டி வைக்கலாம். ரொட்டிக்குப் பிறகு பன், அதற்குப் பிறகு ரஸ்க். சூடு இறங்க இறங்க அதற்கேற்ற பண்டம். ரஸ்க்கும் வெளியே வந்தபிறகு அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. நாங்களும் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம்.

பழைய முதலாளி பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தபோது பேக்கரியை மூடிவிடுவார்கள் என்றே நினைத்தோம். மகன் சிங்கப்பூரில் இருந்தார். ஆனால் மருமகள் மங்கையர்க்கரசி சாவியை வாங்கிக்கொண்டு மறுநாள் காலை மொபெட்டில் வந்து இறங்கினார். என்னைவிட வயதில் மிகவும் சிறியவர். நாங்கள் அரசியம்மா என்போம். அவர் எங்கள் எல்லோரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

அவர் வேலை வாங்கிய விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. சத்தம் போட்டே கேட்டதில்லை. ஒரு தட்டு பன் கருகிவிட்டால் வந்து பக்கத்தில் நிற்பார். கருகியதில் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டு, பாதியை நம் கையில் கொடுத்துவிட்டு மீதியைத் தான் சாப்பிடுவார். ஒரு வாய் கடித்துவிட்டுப் போடமாட்டார், கடைசித் துணுக்கு வரை மென்று முழுங்குவார். நாமும் எதிரில் நின்று நம் பாதியை முழுங்கவேண்டும். பிறகு, "நாளைக்குப் பாத்துக்கலாம்ணே" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விடுவார். அந்தக் கசப்பு அன்று முழுவதும் நாக்கில் இருக்கும். மறுநாள் பன் கருகாது.

வந்த புதிதில் ஒரு மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். காலையில் வீட்டில் கட்டிய சோறு, ஊறுகாய். சிலரிடம் அதுவும் இல்லாமல் வெறும் மோர்ச்சோறு.

"இவ்வளவு பெரிய அடுப்பப் பக்கத்துல வச்சுக்கிட்டு எல்லாரும் ஆறிப்போனதச் சாப்புடுறீங்களேண்ணே" என்றார்.

மறுநாள் ஒரு பை உருளைக்கிழங்கும் ஒரு பை வெங்காயமும் வந்தன. செய்தவரும் அவர்தான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெங்காயத்தை விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்கித் தட்டின் அடியில் நெருக்கமாகப் பரப்பினார். அதன்மேல் உப்பைத் தூவி, அப்படியே கொஞ்ச நேரம் விட்டுவிட்டார். வெங்காயம் வியர்த்துத் தண்ணீர் விட்டது. அந்தத் தண்ணீரைக் கொட்டக்கூடாது, கிழங்கை வேகவைக்கப்போவது அதுதான் என்றார். கிழங்கைத் தோலோடு கழுவித் துடைத்து, வெங்காயத்தைவிடக் கொஞ்சம் மெல்லிசாகச் சீவி, கடலை எண்ணெய், இடித்த மிளகு, சீரகம், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்துக் கையால் பிசறி, வெங்காயத்தின்மேல் ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அடுக்கினார். இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினார். ரஸ்க் எடுத்த அடுப்பில் அதைத் தள்ளிக் கதவைச் சாத்தச் சொன்னார்.

கிளறவேண்டாமா என்று கேட்டேன். கிளறவே கூடாது, கடைசியில் மேல் தட்டை மட்டும் எடுத்துவிட்டு இன்னும் சற்று விடுங்கள், மேலே சிவக்கட்டும் என்றார்.

அவ்வளவுதான் செய்முறை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் அன்று கதவைத் திறந்தபோது வந்த வாசனையை என்னால் மறக்கமுடியவில்லை. எத்தனையோ வருஷம் அந்தக் கதவைத் திறந்திருக்கிறேன், ரொட்டி வாசனை என் சட்டையிலேயே ஊறியிருந்தது. இது வேறு. வெங்காயம் தன் காரத்தையெல்லாம் விட்டுவிட்டு வெல்லப்பாகு மாதிரி கிழங்குக்கு அடியில் உருகிக் கிடந்தது. கிழங்கின் ஓரம் முறுகி, நடு வெண்ணெயாக இருந்தது. மோர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். இவ்வளவு நாளும் இந்தச் சூட்டையா சும்மா விட்டுக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து மத்தியானத்தில் எங்களுக்கு ஒரு தட்டு கிழங்கு உண்டு. வெளியே விற்றதில்லை.

பிறகு அந்தப் புயல் வந்தது.

காற்று அடித்த இரவைப் பற்றி நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். நான் விடிந்தபிறகு பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓலைக் கூரை, தகரக் கூரை எதுவும் மிச்சமில்லை. மெயின் ரோட்டுக்கு வந்தால் ரோட்டையே காணோம். புளியமரங்கள் குறுக்கே கிடந்தன, மின்கம்பங்கள் முறிந்து கம்பிகள் தொங்கின. மரம் மரமாக ஏறி இறங்கிப் பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அரசியம்மா எனக்கு முன்பே வந்து, முழங்கால் வரை சேற்றோடு நின்றுகொண்டிருந்தார்.

கடையின் முகப்பு போய்விட்டது. மாவு மூட்டைகள் நனைந்து கூழாகியிருந்தன. மாவு பிசையும் எந்திரத்தின்மேல் தகரம் விழுந்து கிடந்தது. எந்திரம் நன்றாக இருந்திருந்தாலும் ஓட்டக் கரண்ட் இல்லை. அடுப்புக்கு மேலிருந்த கூரையும் பறந்து, செங்கல் வளைவின் முதுகில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் முதலில் போய் அந்த முதுகில் கை வைத்தேன். மேலே சில்லென்று இருந்தது. கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டினால் வெதுவெதுப்பு. முந்தின நாள் போட்ட சூடு, அந்த மழைக்குள்ளும் அணையாமல் கிடந்தது. அரசியம்மாவையும் கையை நீட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் கையை உள்ளே வைத்தபடியே வெகுநேரம் நின்றார்.

அடுப்பைப் பற்றவைக்கலாமா என்று கேட்டார். ஈரச் செங்கல்லில் திடீரென்று பெருந்தீ போட்டால் வெடிக்கும். வளைவில் ஒரு கல் நழுவினால் மொத்தமும் இறங்கிவிடும். அதற்குப் பிறகு அடுப்பும் இல்லை, பேக்கரியும் இல்லை. அதைச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினால் தாங்கலாம், ஆனால் உறுதி சொல்லமாட்டேன் என்றேன். ரோட்டில் பெண்கள் இடுப்பில் குழந்தையோடு எங்கே போவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். எந்த வீட்டிலும் காய்ந்த குச்சி இல்லை. அரசியம்மா அவர்களைப் பார்த்தார்.

"ஒடஞ்சா கட்டிக்கலாம்ணே. நீங்க போடுங்க."

எதைச் சுடுவது? மாவு இல்லை. அப்போதுதான் ரோட்டில் மாட்டிக்கொண்டு நின்ற லாரி கண்ணில் பட்டது. விழுந்த இரண்டு புளியமரங்களுக்கு நடுவில், முன்னாலும் போக வழியில்லாமல் பின்னாலும் போக வழியில்லாமல் நின்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து பட்டுக்கோட்டை மார்க்கெட்டுக்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு வந்த வண்டி. டிரைவர் பெயர் முருகேசன். காற்று அடித்த நேரம் முழுவதும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர், பயம் இன்னும் முகத்திலிருந்து போகவில்லை. தார்ப்பாய் கிழிந்து மேல் மூட்டைகள் நனைந்திருந்தன. செல்போனில் டவர் இல்லை. சரக்குக்குச் சொந்தக்காரரிடம் கேட்கவும் வழியில்லை.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. அதில் தப்பும் இல்லை. பிறர் நம்பி ஒப்படைத்த சரக்கு, ஊரும் தெரியாத ஊர். அரசியம்மா அவரை அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டார், அவ்வளவுதான்.

"சரக்குக்காரர் கேட்டா என் பேரச் சொல்லுங்க. அவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

முருகேசன் ரோட்டில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு ஏணியில் ஏறித் தானே கயிற்றை அவிழ்த்தார். நனைந்த மூட்டைகளை முதலில் இறக்குங்கள், அவை தாங்காது என்றார்.

நான் அடுப்புக்குப் போனேன். சரிந்த கொட்டகைக்கு அடியில் கொஞ்சம் சவுக்கு காய்ந்த நிலையில் இருந்தது. அதைத் தொடாமல் முதலில் பக்கத்தில் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளை மட்டும் போட்டுச் சின்னத் தீ மூட்டினேன். தீபாராதனைத் தட்டில் எரிகிற அளவுதான். அது அடங்கியதும் இன்னொரு தீ, கொஞ்சம் பெரிதாக. தகரத்தை இழுத்து வந்து நான்கு பேர் அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் அடுப்பின் முதுகிலிருந்து ஆவி கிளம்பியது. முதலில் நூல் நூலாக வந்தது. பிறகு மொத்த வளைவும் மூச்சு விடுவது போலப் புகைந்தது. மழைத்தூறலில் அந்த வெள்ளை ஆவி மேலே எழுவதைப் பார்த்து ரோட்டில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நடுவில் டக்கென்று ஒரு சத்தம். என் உயிர் போய் உயிர் வந்தது. உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். வளைவின் ஓரத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல். அதற்கு மேல் போகவில்லை. தீயைக் குறைத்து, விரிசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். செங்கல் தாங்கியது.

அதற்குள் சுற்றியிருந்த தெருக்களிலிருந்து பெண்கள் அரிவாள்மணையோடு வந்துவிட்டார்கள். எங்கள் தெருப் பெண்களும் மேலத்தெருப் பெண்களும். சாதாரண நாளில் ஒரே வரிசையில் உட்காராதவர்கள். அன்று இடம் பார்த்து உட்கார நேரமில்லை, நனையாத தரை எங்கே இருந்ததோ அங்கே உட்கார்ந்தார்கள். வெங்காயம் நறுக்க ஆரம்பித்ததும் எல்லோர் கண்ணிலும் நீர் வந்தது. வீடு போன காலையிலிருந்து ஒரு சொட்டு அழாதவர்கள்கூட அப்போது அழுதார்கள். வெங்காயத்துக்கு அழுதவர் யார், வீட்டுக்கு அழுதவர் யார் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. என் மனைவியும் அவர்களோடு இருந்தாள்.

முதல் தட்டுகளை வெளியே இழுத்து மேல் மூடியை எடுத்ததும் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். வாங்கிக்கொள்ளப் பாத்திரம் கிடையாது. பானை மூடி, ரொட்டி டின், சிரட்டை, கிழிந்த வாழையிலை என்று கையில் கிடைத்ததை நீட்டினார்கள். கைக்குழந்தைக்கு ஒரு அம்மா கிழங்கின் நடுப்பகுதியை மட்டும் மசித்து ஊட்டினாள். குழந்தை சப்புக்கொட்டியது. நான் முழங்கை வரை கரியோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டி வேலையில் அத்தனை வருஷம் இருந்தும், நான் செய்கிற பண்டத்தை ஒருவர் பசியோடு சாப்பிடுவதை நேருக்கு நேர் அன்றுதான் பார்த்தேன். கடையில் அவர்கள் பொட்டலமாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுப்பறைக்கு அது தெரியாது.

கரண்ட் உடனே வரவில்லை. வாரக்கணக்கில் வரவில்லை. நாங்கள் அடுப்பை அணையவே விடவில்லை. சாயங்காலம் கடைசியாகத் தட்டுகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டால், விடியும்போது அந்த மிச்சச் சூட்டிலேயே வெந்து தயாராக இருக்கும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு இன்றும் முழுதாக விளங்காதது.

பேக்கரிக்குப் பின்னால் இராமலிங்கம் என்பவருடைய தென்னந்தோப்பு. வயதானவர், மேலத்தெரு. என் அப்பா அவர்கள் குடும்பத்து வயலில்தான் வேலை பார்த்தார். சின்ன வயதில் அப்பாவோடு போனால் கொல்லைப்பக்கம் நிற்கவைத்துத்தான் எங்களுக்குச் சோறு போடுவார்கள். பேக்கரியில் நான் அடுப்புக்கு வந்தபிறகு அவர் வீட்டில் எங்கள் ரொட்டி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்று கடையில் பேச்சு உண்டு. நான் விசாரித்ததில்லை. வழியில் பார்த்தால் ஐயா என்பேன், அவர் தலையை அசைப்பார்.

அவருடைய தோப்பு மொத்தமும் விழுந்துவிட்டது. நான்கைந்து நாள் ஆகியிருக்கும், அவர் மனைவி அடுப்பறை வாசலுக்கு வந்தார். தோப்பு விழுந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு வாய் சோறு உள்ளே போகவில்லை, காலையில் தோப்பில் போய் உட்கார்ந்தால் இருட்டும் வரை எழுந்திருப்பதில்லை, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், ரோடு இல்லை, வரமுடியவில்லை என்றார். இப்படி உட்கார்ந்தவர்கள் சிலர் என்ன செய்துகொண்டார்கள் என்ற செய்தி அந்த நாட்களில் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

அரசியம்மா ஒரு ரொட்டி டின்னில் கிழங்கை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நான் வேறு யாரையாவது அனுப்பச் சொன்னேன். என் கையால் அவர் சாப்பிடமாட்டார், சாப்பிட நினைத்தாலும் என்னைப் பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று காரணத்தையும் சொன்னேன். அரசியம்மா என் கையிலிருந்த டின்னை மூடினார். "சூடு ஆறுறதுக்குள்ள போங்கண்ணே" என்றார்.

போனேன். அவர் விழுந்த மரம் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம், துண்டு மடியில் கிடந்தது. ஐயா என்றேன். திரும்பவில்லை. டின்னை வைத்துக்கொண்டு நின்றேன். அவருடைய மனைவி எனக்குப் பின்னால் தள்ளி நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் எங்கோ பார்த்தபடியே பேசினார்.

"எல்லாம் ஒரே பக்கமா விழுந்திருக்கு பாத்தியா செல்வராசு. ஒன்னுகூட மாறல."

அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். அந்த மரங்களைத் தாண்டித்தான் வந்திருந்தேன், ஆனால் கவனிக்கவில்லை. தோப்பு முழுவதும், கண்ணுக்கு எட்டிய தூரம், எல்லாத் தலையும் ஒரே திசை. சீப்பை வைத்து வாரிவிட்டதுபோல. வேரோடு புரண்ட குழிகள் வரிசையாகத் தண்ணீர் கட்டி நின்றன. ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு வானம். அவ்வளவு பெரிய ஒன்று அந்த வழியாக நடந்து போயிருக்கிறது, அதற்கு எங்கள் யாரையும் தெரியாது.

"உக்காரு" என்றார்.

அவருக்குச் சமமாக நான் உட்கார்ந்ததில்லை. என் அப்பாவும் உட்கார்ந்ததில்லை. அன்று அதை யோசித்துக்கொண்டு நிற்கத் தெம்பில்லை. அதே மரத்தில், கை நீட்டினால் எட்டும் இடத்தில் உட்கார்ந்தேன். டின்னை இரண்டு பேருக்கும் நடுவில் மரத்தின்மேல் வைத்தேன். சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. மூடியை மட்டும் எடுத்தேன். வெங்காய வாசனையோடு ஆவி எழும்பி அவர் முகத்துப் பக்கம் போனது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. ஆவி நின்றுவிட்டது. ஆறினபிறகு இதை யார் சாப்பிடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் கை டின்னுக்குள் போனது. ஒரு துண்டை எடுத்தார், அதன் அடியில் ஒட்டியிருந்த வெங்காயத்தோடு. வாயில் போட்டு மென்றார். மெதுவாக, பல்லில்லாதவர் மாதிரி மென்றார். முழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன்.

"உப்புப் பத்தல" என்றார்.

உண்மைதான். உப்பு மூட்டை மழையில் கரைந்துபோய், இருந்ததைக் கஞ்சத்தனமாகப் போட்டுக்கொண்டிருந்தோம். பின்னால் நின்ற அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். வாழ்நாள் முழுவதும் மனைவியின் சமையலில் உப்பு பத்தவில்லை என்றோ கூடிவிட்டது என்றோ குறை சொன்ன மனிதராக இருந்திருக்கவேண்டும். அந்தக் குரல் திரும்பி வந்ததில் அந்த அம்மாவுக்கு என்ன கிடைத்தது என்று அந்த அழுகையைக் கேட்டபோது எனக்குப் புரிந்தது. இராமலிங்கம் இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு டின்னை என் பக்கம் தள்ளினார். நானும் எடுத்தேன். அது காலியாகும் வரை இரண்டு பேரும் மாறி மாறிச் சாப்பிட்டோம்.

எழுந்தவர் நேராக வீட்டுக்குப் போனார். நான் பேக்கரிக்குத் திரும்பிச் சற்று நேரத்தில், கல்லுப்பு நிறைந்த ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு அடுப்பறை வாசலில் வந்து நின்றார். அரசியம்மா வாங்கிக்கொண்டார். இராமலிங்கம் குனிந்து அடுப்புக்குள் பார்த்தார். இருட்டுக்குள் தட்டுகள், அதற்கு மேலே வளைவு. விறகு இருக்கிறதா என்று கேட்டார். நாளைக்குப் போதும், அதற்கு மேல் தெரியாது என்றேன். கொப்பரை காயவைக்கும் கொட்டகையில் மட்டையும் சிரட்டையும் மலைபோலக் கிடக்கிறது, தார்ப்பாய் போட்டு மூடியது, நனைந்திருக்காது, ஆள் அனுப்புங்கள் என்றார். ஆளோடு அவரும் போய் வாரிப் போட்டார். கரண்ட் வரும் வரை அடுப்பு எரிந்தது அவர் தோப்பில் வளர்ந்ததைக் கொண்டுதான். அன்று மாலை அவரும் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் எங்கள் தெருக்காரர், பின்னாலும் எங்கள் தெருக்காரர். பரிமாறியவள் என் மனைவி. இலையை நீட்டினார், அவள் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவர் அடியோடு மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சில விஷயங்களில் அவர் பழைய இராமலிங்கம்தான், நானும் அவரோடு சண்டைக்குப் போனதில்லை. ஆனால் ஒரு மனிதனை விட்டுப் போன பசி எப்படித் திரும்பி வருகிறது என்பதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அது யார் கையால் வந்தது, எந்தத் தெருவிலிருந்து வந்தது என்றெல்லாம் பார்த்துக்கொண்டு வரவில்லை.

ரோட்டில் கிடந்த மரங்களை அறுத்து அகற்றி முடித்த அன்று முருகேசன் கிளம்பினார். அத்தனை நாளும் எங்களோடுதான் இருந்தார், மூட்டை இறக்கினார், தணல் வாரினார். டவர் வந்ததும் சரக்குக்காரரிடம் நடந்ததைச் சொல்லியிருந்தார். அந்த மனிதர், வண்டி பத்திரமா, நீ பத்திரமா என்று மட்டும் கேட்டாராம். மீதியை அரசியம்மா அவரோடு பேசிக்கொண்டார்.

லாரி காலியாக நின்றது. முருகேசன் சாவியைத் திருகப் போனபோது இராமலிங்கம் வண்டிக்கு முன்னால் வந்து நின்று கையைக் காட்டினார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். தோப்பில் விழுந்த மரங்களில் இளநீர் அப்படியே குலை குலையாகக் கிடந்தது, ஏறிப் பறிக்கவேண்டியதில்லை, குனிந்து வெட்டினால் போதும். அதைச் சாப்பிடவும் ஊரில் ஆள் போதவில்லை. அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினார். நாங்கள் எல்லோரும் அவர் பின்னால் போனோம். குலைகளைக் கைமாற்றிக் கைமாற்றி லாரியில் ஏற்றினோம். முருகேசன் வேண்டாம் வேண்டாம் என்று பதறினார், இதை எங்கே கொண்டுபோவேன் என்று கேட்டார்.

"வழியில எங்க தாகமோ அங்க எறக்கு. எங்க ஊருக்கு வந்த வண்டி காலியாத் திரும்பக் கூடாதுப்பா" என்றார் இராமலிங்கம்.

தார்ப்பாயைத் தைத்து மடித்துக் கொடுத்தோம். லாரி ஹாரன் அடித்துக் கிளம்பியது. நாங்கள் தோப்பில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தோம். மரங்கள் இருந்தவரை அங்கிருந்து ரோடு தெரியாது. அன்று, வயல்களுக்கு நடுவில் அந்தப் பச்சை நிறைந்த வண்டி கடைசி வளைவில் திரும்பி மறையும் வரை, எங்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.